யார்டை விட்டு வெளியே போகாத என்ஜின்



ரயில் என்ஜினைப் பற்றிப் பேச்சு என்றால் வேகத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று பலர் வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட என்ஜின் பெரும்பாலும் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். கால அட்டவணையில் அதற்கு இடம் கிடையாது. அதற்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை, யாரும் வழியனுப்ப வருவதும் இல்லை. ஒரு யார்டில் இறக்கிவிட்டால் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து, பெட்டிகளை இந்த லைனிலிருந்து அந்த லைனுக்கு மாற்றிக்கொண்டிருக்கும். ஷண்டிங் என்ஜின். அதன் டீசல் வகைகளின் வரலாறுதான் இன்றைய பொருள். இதைத் தூத்துக்குடியில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள சில மைல்கள் எவ்வளவு பாடுபடுத்தும் என்பது இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரியாது.

1876-ல் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாக இங்கே மீட்டர்கேஜ் பாதை வந்து சேர்ந்தது. பாம்பன் பாலம் திறந்து 1914-ல் தனுஷ்கோடி வழி ஏற்படும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் போட் மெயிலில் வந்து தூத்துக்குடியில்தான் கப்பலேறினார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து அவர் காத்திருந்தது அந்த மெயிலுக்காகத்தான்.

கடற்கரைவரை ரயில் வந்தது, கப்பல் வரவில்லை. கடல் ஆழம் குறைவு. கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையும் கருவாடும் அரிசியும் தோணியில் ஏறிப்போய்த்தான் கப்பலில் ஏறின. வேகனிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து தோணிக்கு, தோணியிலிருந்து கப்பலுக்கு என்று ஒரே சரக்கை மூன்று முறை தூக்கினார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும், அடுத்த ஆண்டு ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்கள் வந்தபோதும் இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. தோணியை நடத்திய தண்டல் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, அசைந்துகொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் மோதாமல் அணைய வேண்டும். கொழும்புவரை போகும் கப்பலின் கேப்டனுக்கு இருந்த மரியாதை அவருக்கு இருந்ததில்லை. ஆனால் அவர் தாமதித்தால் கப்பலும் தாமதிக்கும். ஷண்டிங் டிரைவரின் நிலையும் அதுதான்.

ஷண்டிங் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐம்பது வேகன் கொண்ட ஒரு கூட்ஸ் வண்டி வருகிறது. பத்து வேகன் உப்புக்கு, இருபது உரத்துக்கு, மீதி வேறெங்கோ போக வேண்டியவை. பிரித்து, வரிசை மாற்றி, அந்தந்தச் சைடிங்கில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பழைய நான்கு சக்கர வேகன்களில் திருகு கப்ளிங். என்ஜின் மெல்ல வந்து பஃபரோடு பஃபர் இடித்து நிற்கும். நின்ற பிறகுதான் பாயிண்ட்ஸ்மேன் பஃபருக்கு அடியில் குனிந்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே போகலாம். வளையத்தைத் தூக்கி எதிர்ப்பெட்டியின் கொக்கியில் மாட்டி, நடுவிலுள்ள கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் திருகை இறுக்குவார். பிறகு மறுபடி குனிந்து வெளியே வந்து, டிரைவர் கண்ணில் படும் இடத்தில் நின்று கொடி காட்டுவார். ராத்திரியானால் கை விளக்கு. டிரைவருக்கு அவர் தெரியவில்லை என்றால் என்ஜின் நகரக் கூடாது. ஷண்டிங் என்ஜினுக்குத் தாழ்ந்த மூக்கும், அதைத் தாண்டிப் பார்க்கிற மாதிரி உயர்ந்த கேபினும் வைத்தது இதற்காகத்தான். வெளியே நடைபாதையும் பிடித்து நிற்கக் கம்பியும் கட்டாயம். அழகுக்காக அதில் ஒன்றும் கிடையாது.

லூஸ் ஷண்டிங் என்று இன்னொன்று உண்டு. என்ஜின் ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றுகொள்ளும். வேகன் தானாக உருண்டு போகும். ஒருவர் கூடவே ஓடி, பக்கவாட்டிலிருக்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோலை அழுத்தி அதை நிறுத்த வேண்டும். வெடிமருந்து வேகனுக்கும் ஆள் ஏறிய பெட்டிக்கும் இது கூடாது என்பது விதி. ஓடுகிற ஆளுக்கு என்ன விதி என்று நான் கேட்டால் இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

நீராவிக் காலத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் மெயின் லைனில் ஓடித் தேய்ந்த பழைய என்ஜின்களை விட்டார்கள். அதில் பெரிய விரயம். நீராவி என்ஜினைக் கிளப்ப மணிக்கணக்கில் தீ மூட்டிக் காத்திருக்க வேண்டும். ஷண்டிங்கிலோ ஐந்து நிமிடம் வேலை, அரை மணி சும்மா நிற்பது. சும்மா நிற்கும்போதும் கரி எரியும், தண்ணீர் கொதிக்கும். அதனால்தான் உலகின் பல நாடுகளில் டீசல் முதலில் நுழைந்தது எக்ஸ்பிரஸ் வண்டிக்குள் அல்ல, யார்டுக்குள். பிரிட்டனில் 1952 முதல் 1962 வரை ஒரே வகையில் 996 ஷண்டிங் என்ஜின்கள் கட்டினார்கள். 08 வகுப்பு என்று பெயர். 350 குதிரைத்திறன், மணிக்கு இருபது மைலுக்குமேல் ஓடாது. அவற்றில் சில இன்னும் வேலை செய்கின்றன.

நமக்கு எதிர்க்கரையில் இது இன்னும் முன்னாலேயே நடந்திருக்கிறது. இலங்கை ரயில்வே 1934-லேயே ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனியின் டீசல் மின் ஷண்டிங் என்ஜின் ஒன்றை வாங்கியது. அந்த நாட்டின் முதல் டீசல் மின் என்ஜினே அதுதான். பிறகு 1969-ல் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லட் கம்பெனியிடமிருந்து ‘ஒய்’ வகுப்பில் 28 ஷண்டிங் என்ஜின்கள் வந்தன. கொழும்பில் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம், தூத்துக்குடியில் அப்போது மீட்டர்கேஜ். தூத்துக்குடித் தோணி சரக்கோடு கொழும்பு போய்ச் சேர்ந்தால், அங்கே நம்முடையதைவிட அகலமான வேகன் காத்திருக்கும்.

இந்திய ரயில்வேயில் இந்த வகைகளுக்குப் பெயர் வைத்த முறை எளிது. டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி என்றால் டீசல், எஸ் என்றால் ஷண்டிங், பிறகு வரிசை எண். டபிள்யூ.டி.எஸ். 1 அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் செய்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், 1944-45-ல், 15 என்ஜின்கள் வந்தன. இரண்டாவது வகை 1954-55-ல் ஜெர்மனியின் கிராஸ் மாஃபை கம்பெனியிலிருந்து வந்த 20. மூன்றாவது 1961-ல் மாக் கம்பெனியின் 7. எல்லாம் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான், எல்லாம் இறக்குமதி. வந்து இறங்கிய சில வருடங்களில் உதிரி பாகத்துக்கு ஜெர்மனிக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். சுவையான கட்டம் இதற்கு அடுத்தது.

சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950 முதல் 1972 வரை 2351 நீராவி என்ஜின்கள் செய்தது. நீராவிக்குக் காலம் முடிகிறது என்று தெரிந்தபோது, 1960-களின் கடைசியில், அங்கே டீசல் ஷண்டிங் என்ஜின் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் டபிள்யூ.டி.எஸ். 4. மூன்று அச்சுகள், அவற்றைப் பக்கவாட்டில் இணைக்கும் எஃகுக் கம்பிகள். நீராவி என்ஜினில் பார்த்த அதே கம்பிகள்! தொழிலாளிகளுக்குப் பழக்கப்பட்ட கை வேலை அதில் பாதி இருந்தது. எடை சுமார் 60 டன், முதலில் அறுநூற்றுச் சொச்சம், பிறகு 700 குதிரைத்திறன்.

இதில் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீசல் என்ஜினை நேராகச் சக்கரத்தோடு கட்ட முடியாது. சக்கரம் நிற்கும்போது என்ஜினும் நின்றுவிடும். ஒரு வழி, டீசலால் மின்சாரம் உண்டாக்கி மோட்டாரை ஓட்டுவது. இன்னொரு வழி, எண்ணெய். ஒரு விசிறி எண்ணெயை வீசியடிக்க, அந்த எண்ணெய் எதிரிலுள்ள இன்னொரு விசிறியைச் சுழற்றும். வேகன் அசையாமல் அடம்பிடித்தாலும் எண்ணெய்தான் சூடாகும், எதுவும் முறியாது. ஷண்டிங்குக்கு அது பொருத்தம். ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு எண்ணெய் வழியே போகும் சக்தியில் ஒரு பங்கு வீணாகும். புறப்படும்போது எண்ணெய், ஓடும்போது நேரடிப் பிடிப்பு என்று இரண்டையும் ஒரே பெட்டிக்குள் இணைத்தவர் மன் மோகன் சூரி என்ற இந்தியப் பொறியாளர். அந்த அமைப்புக்கு ‘சூரி டிரான்ஸ்மிஷன்’ என்றே பெயர் நிலைத்தது. 1962-ல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. பிறகு துர்காபூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை வகித்தார். அங்கே அவர் தலைமையில் உருவானதுதான் ஸ்வராஜ் டிராக்டர். நம் ஊர் வயல்களிலும் ஓடுகிற டிராக்டர்தான். ரயில்வே யார்டுக்கும் உழவு வயலுக்கும் ஒரே மூளை வேலை செய்திருக்கிறது என்பதை நம் பாடநூல்கள் சொல்லாமல் விட்டது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

1990-களின் முற்பகுதிவரை சித்தரஞ்சன் 842 டீசல் என்ஜின்களைச் செய்தது. இதற்கிடையே வாரணாசி டீசல் தொழிற்சாலை வேறு வழியில் போனது. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிடமிருந்து தொழில்நுட்பம் வாங்கி, 1964 முதல் மெயின் லைன் என்ஜின்களைச் செய்துகொண்டிருந்தது. அவற்றில் இருந்தது 251 என்று பெயர்கொண்ட 16 சிலிண்டர் டீசல், 2600 குதிரைத்திறன். அதே 251-ல் ஆறு சிலிண்டர் மட்டும் வைத்து, ஒரே வரிசையில் அடுக்கி, 1350 குதிரைத்திறனில் ஒரு ஷண்டிங் என்ஜினை 1970-களின் நடுவில் கொண்டுவந்தார்கள். அதுதான் டபிள்யூ.டி.எஸ். 6. ஒன்பது அங்குல பிஸ்டன் இரண்டுக்கும் ஒன்றே. பெரிய என்ஜினுக்கு வாங்கி வைத்த பிஸ்டனையும் வால்வையும் சின்ன என்ஜினுக்குப் போடலாம். அதைப் பழுது பார்த்த ஃபிட்டரே இதையும் பார்க்கலாம். ஆல்கோ கம்பெனி 1969-லேயே மூடப்பட்டுவிட்டது. அதன் டீசலோ வாரணாசியில் இன்னும் பல பத்தாண்டுகள் பிறந்துகொண்டிருந்தது. டபிள்யூ.டி.எஸ். 6 பரவியதற்குப் பெரிய காரணம் இந்த உதிரி பாக வசதிதான் என்பது என் கருத்து. இரும்பாலை, அனல்மின் நிலையம், துறைமுகம் எல்லாம் அதை வாங்கின. தமிழ்நாட்டில் தண்டையார்பேட்டை ஷெட்டைச் சேர்ந்தவர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை. பேசின் பிரிட்ஜிலிருந்து காலிப் பெட்டிகளைச் சென்ட்ரலுக்குள் கொண்டுவந்து விடும் மொட்டை மூக்கு என்ஜினை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

1350 குதிரைத்திறனுக்கு ஏன் 126 டன் எடை என்று ஒரு மாணவர் கேட்கலாம். கரும்பலகை இல்லை, வாயாலேயே கணக்குப் போடுவோம். ‘பாக்ஸ்என்’ என்று சொல்லும் நிலக்கரி வேகன் நிறைந்தால் 81 டன்னுக்குக் கொஞ்சம் அதிகம். அப்படி 59 வேகன் கொண்ட ரேக் சுமார் 4800 டன். நின்ற ரேக்கைச் சமதரையில் அசைக்க டன்னுக்குத் தோராயமாக 5 கிலோ இழுவிசை வேண்டும் என்று வைத்தால் மொத்தம் 24 டன். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தை எவ்வளவு பிடிக்கும்? காய்ந்த தண்டவாளத்தில் என்ஜின் எடையில் நான்கில் ஒரு பங்கு. 60 டன் டபிள்யூ.டி.எஸ். 4-க்கு 15 டன். முழு ரேக்கை அதனால் அசைக்க முடியாது. 126 டன் டபிள்யூ.டி.எஸ். 6-க்கு 31 டன், முடியும். இப்போது குதிரைத்திறனைப் பாருங்கள். 24 டன் விசையோடு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்த 450 குதிரைத்திறன்கூட முழுதாக வேண்டாம். ஆக, ஷண்டிங்குக்கு முதலில் வேண்டியது எடை. சக்தி பிறகுதான். வெளிநாட்டு யார்டுகள் சிலவற்றில் என்ஜினுக்குள் கான்கிரீட் கட்டிகளையும் இரும்புப் பாளத்தையும் வேண்டுமென்றே ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

கடற்கரையில் இந்தக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். விடியற்காலைப் பனி தண்டவாளத்தில் இறங்கும். அதன்மேல் நிலக்கரித் தூள் படியும். இரண்டும் சேர்ந்தால் மசகு. பிடிப்பு நான்கில் ஒன்றிலிருந்து ஏழில் ஒன்றாகக் குறைந்தால் 126 டன் என்ஜினும் 18 டன்தான் இழுக்கும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது டிரைவர் மணல் பெடலை மிதிப்பார். சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியே பொடிமணல் கொட்டும். காய்ந்த மணலாக இருக்க வேண்டும். உப்புக்காற்றில் ஈரம் ஏறினால் குழாய்க்குள்ளேயே கட்டிவிடும். உப்புத் தூள் சிந்தும் சைடிங்கில் தண்டவாளத்தின் அடிப்பாகமும் பிணைப்புக் கிளிப்புகளும் துருவேறி உதிர்வதை உப்பளத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி இந்த ஊரின் புதிய துறைமுகம். முயல் தீவை ஒட்டி, வடக்கும் தெற்குமாக ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டி, கப்பலைக் கரைக்கே வரவைத்தார்கள். 1974 ஜூலை 11-ல் அது நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பதின்மூன்றே வருடத்தில் கடலின் முகமே மாறிவிட்டது. தோணி செய்த வேலையில் பெரும்பகுதி முடிந்தது. ஆனால் அந்தச் சில மைல் தொல்லை மறையவில்லை. கடலிலிருந்து தரைக்கு இடம் மாறியது. கப்பல் தளத்திலிருந்து மீளவிட்டான் ரயில் நிலையம் வரையிலான துறைமுகப் பாதையில் இப்போது அது உட்கார்ந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அகலப்பாதை வந்து, நாட்டின் மற்றப் பகுதி வேகன்கள் இங்கே வரத் தொடங்கின.

ஆனால் அகலப்பாதை இங்கே வந்த நேரத்தில் நாட்டில் ஷண்டிங்கே சுருங்கத் தொடங்கியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில், எம்.எஸ். குஜ்ரால் ரயில்வே வாரியத் தலைவராக இருந்தபோது, சில்லறை வேகன்களைச் சேர்த்துப் பிரிக்கும் முறையைக் குறைத்து, ஒரே சரக்கு, ஒரே புறப்பாடு, ஒரே சேருமிடம் என்று முழு ரேக்காக அனுப்பும் முறைக்கு அழுத்தம் கொடுத்தார்கள். வழியில் பிரிக்க வேண்டியதில்லை என்றால் பிரிக்கும் யார்டும் வேண்டியதில்லை. பெரிய மார்ஷலிங் யார்டுகள் ஒவ்வொன்றாக மூடின. பழைய டீசல் மெயின் லைன் என்ஜின்கள் வயதானதும் மிச்ச ஷண்டிங் வேலையை எடுத்துக்கொண்டன. நீராவிக் காலத்து வழக்கம் திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம். சரக்கு ஏற்றும்வரை ரேக்கின் என்ஜினே காத்திருந்து அதே ரேக்கோடு திரும்பும் ஏற்பாடும் வந்தது. திருகு கப்ளிங் போய், தானாகப் பூட்டிக்கொள்ளும் நடு கப்ளிங் வந்தது. பாயிண்ட்ஸ்மேன் இப்போது பெட்டிகளுக்கு நடுவே குனிய வேண்டியதில்லை. பக்கவாட்டில் நின்று கைப்பிடியைத் தூக்கினால் போதும். காற்று பிரேக் குழாயை மாட்ட மட்டும் உள்ளே போக வேண்டும். ஆலைகள் சிலவற்றில் ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் சின்ன வண்டி ஷண்டிங் என்ஜினின் இடத்துக்கு வந்துவிட்டது.

சிறு வியாபாரிக்கு இதனால் நஷ்டம் உண்டு. முன்பு ஒரே ஒரு வேகன் உப்பு அனுப்ப முடியும். இன்று முழு ரேக் நிரப்ப முடியாதவர் லாரியைத்தான் நாட வேண்டும். ரயில்வே தன் கையிலிருந்த சில்லறைச் சரக்கைத் தானே விட்டுக்கொடுத்த கதை அது. லாபக் கணக்கில் நியாயம் இருந்திருக்கலாம். நெல்லை, தூத்துக்குடிச் சிறு ஏற்றுமதியாளரின் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு அது இழப்பாகத்தான் படுகிறது.

துறைமுகம் இந்தப் போக்குக்கு முழுதாக வசப்படாத இடம். முதல் காரணம் நீளம். நம் ரயில்வேயில் ஒரு முழு ரேக் நிற்க லூப் லைனுக்கு 686 மீட்டர் என்று வரையறுத்திருக்கிறார்கள். கப்பல் தளத்தை ஒட்டிய சரக்கேற்று லைன்கள் எல்லாம் அந்த நீளத்துக்கு அமைவதில்லை. குறைவாக இருந்தால் ரேக்கை இரண்டாக, சில இடங்களில் மூன்றாக வெட்டித்தான் உள்ளே தள்ள வேண்டும். வெட்டினால் ஷண்டிங் வந்துவிட்டது. இரண்டாவது காரணம் மின்சாரம். மதுரைப் பாதை மின்மயமாகி மெயின் லைனில் டீசல் ஒதுங்கிவிட்டது. ஆனால் பேலோடரின் கையும் கிரேனின் கிராபும் தலைக்குமேல் ஆடுகிற சரக்கேற்று லைனில் 25,000 வோல்ட் கம்பியைக் கட்ட முடியுமா? அங்கே கம்பி கூடாது. கம்பியில்லாத இடத்துக்கு மின்சார என்ஜின் போகாது.

இதற்குத் தப்பும் வழி தூத்துக்குடியிலேயே ஒன்று இருக்கிறது: அனல்மின் நிலையத்தின் நிலக்கரி. கப்பலில் வந்து, கன்வேயர் பெல்ட்டில் ஏறி, நேராக நிலையத்துக்குப் போகிறது. நடுவில் வேகனே இல்லை. ஆனால் பெல்ட் ஒரு இடத்துக்கு மட்டும்தான் போகும். சிமெண்ட் ஆலைக்கும் உரக் கிடங்குக்கும் கன்டெய்னர் முனையத்துக்கும் வேகனோ லாரியோதான் கதி.

கம்பியில்லாத லைனுக்கு டீசல் அல்லாத விடை ஒன்றைச் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஜபல்பூரில் மேற்கு மத்திய ரயில்வே 2020-ல் ‘நவ்தூத்’ என்ற ஷண்டிங் என்ஜினைத் தயாரித்தது. கம்பி உள்ள இடத்தில் கம்பியிலிருந்தும், இல்லாத இடத்தில் பேட்டரியிலிருந்தும் ஓடும். ஷண்டிங்குக்கு பேட்டரி பொருந்தும் என்பதைச் சற்றுமுன் போட்ட கணக்கே சொல்லும். சக்தி குறைவாகப் போதும். நிற்கும் நேரம் அதிகம். பேட்டரியின் எடையும் இங்கே பாரமில்லை, பிடிப்புக்கு உதவும். நிற்கும் டீசல் புகைவிட்டுக்கொண்டே நிற்கும். பேட்டரி சும்மா நிற்கும். கடற்கரையில் அதை விடுவதானால் மின் இணைப்புகளை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றும் செலவைத் தனியாகப் போட வேண்டும்.

துறைமுகத்தைத் திட்டமிடுகிற பொறியாளர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள். கப்பல் தளத்தின் நீளமும் ஆழமும் வரைபடத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அடுத்து வரையும்போது சைடிங்கின் நீளத்தையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அது 686 மீட்டரைத் தொட்டால் ரேக்கை வெட்டாமல் உள்ளே விடலாம். தொடாவிட்டால், டீசலோ பேட்டரியோ, ஒரு ஷண்டிங் என்ஜினுக்கும் நான்கு பாயிண்ட்ஸ்மேன்களுக்கும் ஒரு ஓய்வறைக்கும் அதே வரைபடத்தில் இடம் ஒதுக்கிவிடுங்கள்.